குழந்தைவேலுவின் இரண்டு துப்பாக்கிகள்

"சாமி, பழசு நல்லதா, புதுசு நல்லதா?"

குழந்தைவேலு வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார். தோளுக்கு ஒன்றாக இரண்டு துப்பாக்கிகள் தொங்கின. அறுபத்து மூன்று வயதில், விடிந்ததும் விடியாததுமாக மூன்று மைல் மலையேறி வந்திருந்தார்.

சாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"முதல்ல வாசலைக் கூட்டுங்க, பெரியவரே."

சாமிக்கு வயது முப்பத்தெட்டு. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஒருநாள், இது போதும் என்று தோன்றிவிட்டது. ஆனைமலைக்கு வந்து ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். காலித் தோட்டாக்களில் ஊதுபத்தி செருகி வைத்திருப்பார். அதனால் எஸ்டேட் ஜனங்கள் அவருக்கு 'தோட்டாச் சாமி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

குழந்தைவேலு அந்த எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னூறு பேரை வேலை வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். மகன் வயதுள்ள ஆளைச் சாமி என்று கூப்பிட நாக்குக்கு ஒரு மாதம் பிடித்தது. துடைப்பம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது.

பாதி வாசல் கூட்டியதும் நின்றார்.

"இன்னைக்கு இதுக்கு நேரமில்லைங்க சாமி. காட்டெருமைக்கு அடி பட்டிருக்கு."

"யார் அடிச்சது?"

"நான்தானுங்க."

சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

*

வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒற்றைக் காட்டெருமை ஒன்று பத்து நாளாக ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேரைத் தூக்கி எறிந்துவிட்டது. ஒருத்திக்கு இடுப்பெலும்பு போயிற்று. அந்தச் சுற்று வட்டாரத்தில் பெரிய தோட்டா போடும் துப்பாக்கி குழந்தைவேலுவிடம் மட்டும்தான் இருந்தது. மேனேஜர் ஆள் அனுப்பினார். நேற்றுச் சாயங்காலம் குழந்தைவேலு புதுத் துப்பாக்கியோடு போனார்.

"எண்பது கஜம் சாமி. பக்கவாட்டுல நிக்குது. துப்பாக்கி மேல மாட்டின தூரக்கண்ணாடியில தோள்பட்டை மசுரு கூடத் தெரியுது. கட்டைவிரலால துப்பாக்கிக் குதிரையைப் பின்னால இழுத்து ஏத்தினேன். விசையை அமுக்கினேன்."

"ம்."

"டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பாதுகாப்புப் பூட்டுப் போட்டிருந்துச்சு."

"யார் போட்டது?"

"நான்தானுங்க. ஆனா பழசுல பூட்டே கிடையாதே சாமி. குதிரையை ஏத்தினா சுடும். ஏத்தலைன்னா சுடாது. முப்பது வருஷம் அப்படியே பழகின கை."

"அப்புறம்?"

"டிக் சத்தம் கேட்டு அது திரும்பிருச்சு. அவசரத்துல பூட்டைத் திறந்து, குதிரையை மறுபடி ஏத்திச் சுட்டேன். வயித்துல பட்டிருச்சு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குழந்தைவேலுவின் குரல் இறங்கிவிட்டது. அவமானம் ஒரு பக்கம். அந்த வாயில்லா ஜீவன் ராத்திரி முழுக்க வலியில் கிடந்திருக்குமே என்பது இன்னொரு பக்கம். அவர் ராத்திரி கண்ணை மூடவே இல்லை.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிபட்டதை விட்டுவைக்கக் கூடாது. அடித்தவன்தான் புதருக்குள் போய் முடிக்க வேண்டும், அதுவும் மறுநாள் பொழுது சாய்வதற்குள். எருமை ஒன்பதாம் நம்பர் ஓடையோரம் உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்துகொண்டிருந்தது. எண்பது பெண்கள் வேலைக்கு இறங்காமல் லைன் வீடுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதான் கேக்கறேன். எதை எடுத்துக்கிட்டு உள்ள போறது?"

சாமி ஒரு பாயை விரித்தார்.

"ரெண்டையும் இப்படிப் படுக்க வைங்க. பழசைப் பத்திச் சொல்லுங்க."

*

கேட்டதுதான் தாமதம். குழந்தைவேலுவுக்கு எருமைகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

"ஊருக்குப் போன வெள்ளைக்காரத் தொரை குடுத்துட்டுப் போனதுங்க. பாருங்க, எட்டுப் பட்டைக் குழாய். நீலம் போட்ட இரும்பு. கை பிடிச்சுப் பிடிச்சு வெள்ளையாயிருச்சு. வால்நட் கட்டை. அடியில பித்தளைப் பட்டை, பிறை மாதிரி வளைஞ்சிருக்கும். ஒரு வெடி வெடிச்சா தோள்ல பிறை பதிஞ்சிரும். எங்க வீட்டுல எண்ணெய் தேச்சு விடுவா, திட்டிக்கிட்டே தேய்ப்பா."

"ம்."

"கைப்பிடிக்குக் கீழ இருக்கற இந்த லீவரை இறக்கி ஏத்தினா அடுத்த தோட்டா உள்ள போகும், காலித் தோட்டா மேல எகிறும். தொப்பியில வந்து விழும். ஒருக்கா சட்டைக் காலருக்குள்ள விழுந்துருச்சு சாமி. முதுகு பூராவும் சுட்டுக்கிட்டே இறங்குது. நான் குதிக்கிறேன். சடையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

"சடையன்?"

"தடம் பாக்கறவன். காட்டு ஆளு. முப்பது வருஷம் என்கூட வந்தான்."

சாமி "புதுசு?" என்றார்.

"மருமகன் வெளிநாட்டுல இருந்து வரவழைச்சுக் குடுத்தான். வந்து மூணு மாசமாச்சு. இதுவும் லீவர்தான். இதே பெரிய தோட்டா, ஆனா உள்ள மருந்து அதிகம். துருப் பிடிக்காது. தோளுக்கு ரப்பர். காலித் தோட்டா பக்கவாட்டுல போய் மரியாதையா விழும். அதனால மேல கண்ணாடி மாட்டலாம். பழசுல மாட்டினா தோட்டா இடிக்கும். அப்புறம் இந்தப் பூட்டு. சின்னப் பொத்தான். இந்தப் பக்கம் அமுக்கினா சுடாது. அந்தப் பக்கம் அமுக்கினா சிவப்பு வளையம் தெரியும். சுடும்."

"குறை ஒண்ணும் இல்லையே."

"குறை இல்லீங்க. ஆனா பழசு என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை."

பழசின் கட்டையில் ஆழமான ஒரு வடு இருந்தது. சாமி அதில் விரலை வைத்தார்.

"இது?"

"அதுங்களா." குழந்தைவேலு சிரித்தார். "கரடி. முதல் வெடி தப்பிருச்சு. லீவரை முழுசா இறக்காம பாதியிலயே ஏத்திட்டேன். தோட்டா குறுக்கால மாட்டிக்கிச்சு. கரடி மேல வந்துருச்சு. சடையன் துப்பாக்கியைப் பிடுங்கி இந்தக் கட்டையால அதோட மூக்குல ஓங்கி ஒரு போடு போட்டான். அது தெறிச்சு ஓடிருச்சு."

"கைவிட்டதில்லைன்னீங்க."

"லீவரைப் பாதியில ஏத்தினது நான். துப்பாக்கி என்ன பண்ணும் பாவம்?"

"நேத்து?"

குழந்தைவேலு புதுசின் பொத்தானைப் பார்த்தார்.

*

"தோட்டாவையெல்லாம் எடுத்திடுங்க," என்றார் சாமி.

எடுத்தார். சாமியும் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்து, இரண்டும் காலி என்று உறுதி செய்துகொண்டார்.

"கண்ணை மூடிக்குங்க. பழசை எடுங்க. எருமை முன்னால நிக்குது."

குழந்தைவேலு துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கட்டைவிரல் பின்னால் துருத்திக்கொண்டிருந்த குதிரைமேல் போயிற்று. ஏற்றினார். விசையை அமுக்கினார். குதிரை விழுந்தது.

"புதுசு."

தோளில் வைத்தார். கட்டைவிரல் குதிரைமேல். ஏற்றினார். அமுக்கினார். டிக்.

கண்ணைத் திறக்காமலே குழந்தைவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. பூட்டு மறுபடியும் மறந்துபோயிற்று.

"இன்னொரு தடவை," என்றார் சாமி. "பழசு."

செய்தார்.

"புதுசு."

டிக்.

"நான் கிழவனாயிட்டேன் சாமி. அவ்வளவுதான் விஷயம்."

"நான் அதைப் பாக்கலை, பெரியவரே. கட்டைவிரலைக் குதிரைமேல வெச்சதும் ஒரு மூச்சு நேரம் நிக்கறீங்க. ரெண்டு துப்பாக்கியிலயும் நிக்கறீங்க."

"அப்படியா?"

"தலை இடது பக்கம் கொஞ்சம் சாயுது. யாருக்குக் காது குடுக்கறீங்க?"

குழந்தைவேலு கண்ணைத் திறந்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, பீடி வாசனையோடு சடையன் நிற்பான். மான் என்றாலும் பன்றி என்றாலும் கரடி என்றாலும் அதே இடம்தான். துப்பாக்கி தோளுக்குப் போனதும் காதோரம் ஒரு கிசுகிசுப்பு வரும். ஏத்தியாச்சா ஐயா? அதன் பிறகுதான் இவர் ஏற்றுவார். முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை இவருக்கு எரிச்சல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாதாடா என்று திரும்பி முறைத்திருக்கிறார். அடுத்த தடவையும் அவன் கேட்பான்.

"சடையன் எங்க?" என்றார் சாமி.

"வீட்டுல இருப்பான்."

"நேத்து வரலை?"

"கூப்பிடலை. மூணு மாசமா கூப்பிடலை."

"ஏன்?"

குழந்தைவேலு பாயின் கோரையைப் பிய்த்தார்.

"இது வந்த அன்னைக்கு அவன்கிட்டக் குடுத்துக் கண்ணாடியில பாருன்னேன். எதிர் மலையில எருமைக் கூட்டம் மேயுது. பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். திருப்பிக் குடுத்துட்டு, 'ஐயா, இதுல எருமை மட்டும்தான் இருக்கு. காடு இல்லையே'ன்னான்."

"ம்."

"எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. மருமகன் ஆசையா வாங்கிக் குடுத்தது, இவன் நொட்டை சொல்றானேன்னு. இனிமே கண்ணாடி பாத்துக்கும், நீ அலைய வேண்டாம், வீட்டுல இருன்னுட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"சரிங்க ஐயான்னான்."

பாறைக்கு மேலே ஒரு மைனா கத்திவிட்டுப் போயிற்று. குழந்தைவேலு எழுந்தார். தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கிகளைத் தோளுக்கு ஒன்றாக மாட்டினார்.

"எதை எடுக்கறதுன்னு நீங்க சொல்லவே இல்லையே சாமி."

சாமி பாறையில் சாய்ந்திருந்த துடைப்பத்தை எடுத்தார்.

"மிச்ச வாசலை நான் கூட்டிக்கறேன். நீங்க போங்க."

*

சடையன் வீட்டு முன்னால் குந்தியிருந்தான். சாணைக்கல்லில் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். குழந்தைவேலுவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வாங்க என்றான். மறுபடியும் குந்திக்கொண்டான்.

குழந்தைவேலு எதிரே கல்லில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பழகியவனிடம் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வழி நெடுக யோசித்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் அவனுடைய வாசலில் வந்து நின்றதும் காணாமல் போயிற்று.

சடையனே பேசினான். கத்தியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"வெள்ளன ஓடைப் பக்கம் போயிருந்தேன். ரத்தத்துல சாணி கலந்திருக்கு. வயித்துல பட்டது. காலு நாலும் நல்லா ஊணுது. கிழக்க மொகம் வச்சுப் படுத்திருக்கு."

"ஒத்தையாவா போனே?"

"மருமக ஒன்பதாம் நம்பர்லதானே கொழுந்து எடுக்குது."

"இப்ப கத்தி எதுக்கு?"

"சாயங்காலம் போகலாம்னு."

"கத்தியோடவா? காட்டெருமைகிட்டயா?"

"எங்கிட்ட லைசென்சு இல்லைங்களே."

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். குழந்தைவேலுவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"சடையா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

சடையன் கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் பார்த்தான். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான்.

"கண்ணாடி நல்ல கண்ணாடிதான் ஐயா," என்றான்.

சடையனின் சம்சாரம் வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

குழந்தைவேலு இரண்டு துப்பாக்கிகளையும் அவன் முன்னால் வைத்தார்.

"எதை எடுக்கட்டும்?"

சடையன் பழசைத்தான் முதலில் எடுத்தான். காலியா என்று பார்த்துவிட்டு லீவரை இறக்கினான், ஏற்றினான். கரடி வடுவைத் தடவினான். மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். அவன் மடியில் அது கிடந்ததைப் பார்க்கக் குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிற்று. பழசையே எடுப்போம் என்று அவன் சொல்ல வேண்டுமென்று அவர் மனசு தவித்தது.

"மருந்து எதுல அதிகம்?" என்றான் சடையன்.

"புதுசுலதான்."

"அந்தத் தோட்டாவை இதுல போட்டா?"

"குழாய் தாங்காது. மூஞ்சியிலயே வெடிச்சிரும்."

சடையன் பழசைத் தரையில் கிடத்தினான்.

"அப்ப புதுசு. நேத்துலேருந்து வலி தின்னுட்டுக் கிடக்குது. இன்னைக்கு ஒரே வெடியில விழணும்."

புதுசை எடுத்துக் கையில் புரட்டினான்.

"கண்ணாடியைக் கழட்டிருங்க. புதருக்குள்ள பத்தடிதான் தெரியும். கீழ குறி பாக்கற இரும்பு முள்ளு இருக்கில்ல, அது போதும்."

குழந்தைவேலு கழற்றினார். மருமகன் மாட்டிக்கொடுத்த திருகுகள் இறுகியிருந்தன. சடையன் கத்தி முனையை நீட்டினான்.

"பூட்டு எங்க இருக்கு?"

காட்டினார். சடையன் துப்பாக்கியைக் காதோரம் வைத்துக்கொண்டு பொத்தானை அந்தப் பக்கம் அமுக்கினான். இந்தப் பக்கம் அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். சிவப்பு வளையம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டான். குழந்தைவேலு என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றான்.

*

எருமை ஒரே வெடியில் விழுந்ததை எஸ்டேட் ரொம்ப நாள் பேசியது. மறுநாள் காலை எண்பது பெண்களும் ஒன்பதாம் நம்பரில் இறங்கினார்கள். எந்தத் துப்பாக்கி, பழசா புதுசா என்று மேனேஜர் உள்பட எல்லோரும் கேட்டார்கள். வெடிக்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

மணி நான்கு இருக்கும். காற்று எதிர்த்து வந்தது. சடையன் தவழ்ந்து முன்னால் போனான். உண்ணிச்செடி முள் இருவர் முதுகையும் கிழித்தது. ஓரிடத்தில் அவன் கையைப் பின்னுக்கு நீட்டினான். குழந்தைவேலு நின்றார். சடையன் சத்தமில்லாமல் பின்வாங்கி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் வந்தான்.

பன்னிரண்டு தப்படியில் புதர் அசைந்தது. எருமை எழுந்தது. வயிற்றில் ஈ மொய்த்திருந்தது. மூச்சு இரைந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு இவர்களைப் பார்த்தது.

துப்பாக்கி தோளுக்குப் போயிற்று. கட்டைவிரல் குதிரைமேல் வந்து நின்றது. தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது.

பீடி வாசனை வந்தது.

"ஏத்தியாச்சா ஐயா?"

அந்த நிலைமையிலும் குழந்தைவேலுவுக்கு அழுகை வந்தது. ஏற்றினார். தலையை ஆட்டினார். விரல் விசைக்குப் போயிற்று.

எருமை முன்னங்காலை எடுத்து வைத்தது.

"திறந்தாச்சா ஐயா?"

பூட்டு இன்னும் திறந்திருக்கவில்லை.